வனவிலங்கு மருத்துவப் பயிற்சி: செலவை யார் ஏற்பது?

2025 மே 11, அன்னையர் தினம். கிரிக் - ஜெலி நெடுஞ்சாலையில் விடிவதற்கு முன் லோரி மோதி ஒரு யானைக்குட்டி மாண்டது. லோரிக்கு அடியில் கிடந்த குட்டியை விட்டு நகர மறுத்து, தாய் யானை அந்த லோரியைத் தலையால் முட்டிக்கொண்டு நின்ற காணொளியைப் பார்க்காதவர்கள் நம் நாட்டில் குறைவு. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். வேகக் கட்டுப்பாடு வேண்டும், யானைகள் கடக்கப் பாதை வேண்டும், எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்று கோரிக்கைகள் எழுந்தன. எல்லாம் நியாயமானவையே.

அன்று அங்கே இன்னொரு வேலையும் நடந்தது. வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையான பெர்ஹிலித்தான், தாய் யானைக்கு மயக்க மருந்து செலுத்தி அமைதிப்படுத்திய பிறகே அதை அங்கிருந்து அகற்ற முடிந்தது. செய்தியில் இது ஒரு வரி. செய்து பார்ப்பவருக்கு அது ஒரு வரி அல்ல. யானையின் எடையைக் கண்ணால் பார்த்து மதிப்பிட வேண்டும். மருந்து குறைந்தால் யானை ஆட்கள் மீது பாயும். கூடினால் மூச்சு நிற்கும். மயங்கும் யானை மார்பு தரையில் படும்படி குப்புறப் படுத்துவிட்டால், அளவு சரியாக இருந்தாலும் அதன் உடல் எடையே சுவாசத்தை நெருக்கும். உடனே பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். கடைசியில் மாற்று மருந்தைச் செலுத்தி, அது எழுவதற்குள் எல்லாரும் விலகி நிற்க வேண்டும்.

இப்படிப்பட்ட வேலையை ஒரு கால்நடை மருத்துவர் எங்கே கற்றுக்கொள்கிறார்? விரிவுரை மண்டபத்தில் பாதியைக் கற்கலாம். மீதியை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்துத்தான் கற்க முடியும். மாணவர்களுக்கு அந்த வாய்ப்பைத் தருவது இன்டர்ன்ஷிப் என்று நாம் சொல்லும் களப்பயிற்சி. அந்தப் பயிற்சி யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

பட்டப்படிப்பு தருவதும் தராததும்

மலேசியாவில் கால்நடை மருத்துவப் பட்டம் ஐந்தாண்டுப் படிப்பு. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலும் கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் இதைப் படிக்கலாம். தொழில் செய்ய வேண்டுமானால் 1974ஆம் ஆண்டு கால்நடை மருத்துவர் சட்டத்தின்கீழ் மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சிங்கப்பூர் மாணவர்கள் பெரும்பாலும் ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளுக்குச் சென்று படிக்கிறார்கள்.

ஐந்தாண்டும் நாய், பூனை, மாடு, ஆடு, குதிரை, பன்றி, கோழி என்றே பெரும்பகுதி கழியும். அதில் தவறில்லை. நாட்டின் உணவும் பெரும்பாலான வேலைகளும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் காட்டில் வாழும் விலங்குகளின் எண்ணிக்கையோ நூற்றுக்கணக்கான இனங்கள். ஒரு சூரியக் கரடியின் பல்லில் சீழ் பிடித்தால் என்ன செய்வது, அழுங்கு எனப்படும் எறும்புத்தின்னி மீட்பு மையத்தில் உணவைத் தொட மறுத்தால் எப்படி உயிரோடு வைத்திருப்பது போன்ற கேள்விகளுக்குப் பாடத்திட்டத்தில் இடம் குறைவு. அந்தக் குறையை நிரப்பவே மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் வனவிலங்கு மையங்களைத் தேடிப் போகிறார்கள்.

போக இடங்கள் உண்டு. தீபகற்பத்தில் பேராக், சுங்காயில் பெர்ஹிலித்தானின் தேசிய வனவிலங்கு மீட்பு மையம் இருக்கிறது. பகாங், கோல காண்டாவில் 1989 முதல் இயங்கும் தேசிய யானைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது. சபாவில் 1964இல் தொடங்கிய செப்பிலோக் ஓராங் ஊத்தான் மறுவாழ்வு மையம், அதன் அருகிலேயே சூரியக் கரடிப் பாதுகாப்பு மையம், சபா வனவிலங்குத் துறையின் மீட்புப் பிரிவு ஆகியவை உள்ளன. சரவாக்கில் மாத்தாங் வனவிலங்கு மையம் உண்டு. இவற்றோடு தேசிய மிருகக்காட்சிசாலை, தைப்பிங் மிருகக்காட்சிசாலை, சிங்கப்பூரின் மண்டாய் பூங்காக்கள் போன்றவையும் உண்டு. எங்கே, எத்தனை பேருக்கு, எந்த மாதங்களில் இடம் என்பது ஒவ்வோர் ஆண்டும் மாறும்.

கட்டிப்பிடிக்கும் வேலை அல்ல

இந்தப் பயிற்சியைப் பற்றிப் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. ஓராங் ஊத்தான் குட்டியைத் தோளில் சுமந்து படம் எடுத்துக்கொள்வது என்று நினைக்கிறார்கள். நல்ல மையத்தில் அது நடக்காது. மனிதனுக்கு வரும் சளியும் காசநோயும் ஓராங் ஊத்தானுக்கும் தொற்றும். காட்டுக்குத் திரும்ப வேண்டிய விலங்கு மனிதனிடம் பழகிவிட்டால், பிறகு அது மனிதனைத் தேடியே வரும். தோட்டத்துக்குள் வரும் அந்த விலங்கின் முடிவு என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உண்மையான பயிற்சி நாள் விடியற்காலையில் தீவனம் நறுக்குவதில் தொடங்கும். கூண்டு கழுவ வேண்டும். விலங்கு எவ்வளவு சாப்பிட்டது, எவ்வளவு மிச்சம் வைத்தது என்று எடை போட்டு எழுத வேண்டும். சாணத்தை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் புழு முட்டைகளைத் தேட வேண்டும். ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலங்கை மயக்கும் நாளில், மருத்துவர் சிகிச்சை செய்யும்போது, நாடித்துடிப்பு, சுவாசம், உடல்வெப்பம் ஆகியவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உரக்கச் சொல்லி எழுதுவது பயிற்சி மாணவரின் வேலை. விலங்கு இறந்துவிட்டால் பிரேதப் பரிசோதனையில் கூட நிற்க வேண்டும். நாற்றமும் களைப்பும் உள்ள வேலை இது.

இதில் எழுதுவதும் நுண்ணோக்கியில் பார்ப்பதும் மாணவர்களுக்குச் சலிப்பூட்டும் பகுதிகள். ஆனால் நாட்டுக்கு மிகவும் தேவைப்படும் பகுதியும் அதுதான். நம் நாட்டில் நடந்த சில சம்பவங்களே இதற்குச் சான்று.

நான்கு பாடங்கள்

முதலாவது, நீப்பா. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்திலும், பிறகு நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நீப்பா வட்டாரத்திலும் பன்றிப் பண்ணையாளர்கள் மூளைக்காய்ச்சலால் மடிந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதிக் கொசு ஒழிப்பில் இறங்கினார்கள். ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அதிகம் தாக்குவது குழந்தைகளை. இங்கே மாண்டவர்கள் பன்றிகளோடு வேலை செய்த பெரியவர்கள். பன்றிகளும் மூச்சுத்திணறி, பலத்த சத்தத்தோடு இருமிக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டறிந்தார். அதன் இருப்பிடம் பழந்தின்னி வௌவால்கள் என்று பிறகு தெரிந்தது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டார்கள், 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றி ஒருவர் இறந்தார். வௌவால், பன்றி, மனிதன் மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கத் தெரிந்தவர்கள் ஏன் தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது, குரங்கு மலேரியா. 2004இல் சரவாக், காப்பிட் வட்டாரத்து நோயாளிகளை ஆராய்ந்த பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர், குரங்குகளிடம் காணப்படும் நோலெசி என்ற மலேரியா ஒட்டுண்ணி மனிதர்களைப் பரவலாகத் தாக்குவதை வெளிப்படுத்தினார்கள். நுண்ணோக்கியில் அது வேறொரு மலேரியா வகையைப் போலத் தெரிந்ததால் அதுவரை பிரித்தறியப்படவில்லை. மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் 2018 முதல் பதிவாகவில்லை. ஆனால் குரங்கு மலேரியா இன்றும் காட்டோரத்தில் வேலை செய்பவர்களைப் பாதிக்கிறது.

மூன்றாவது, புலி. 2019 ஜூலையில் திரெங்கானு, டுங்குன் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் சுற்றித் திரிந்த புலியைப் பெர்ஹிலித்தான் பிடித்தது. அவாங் பெசுல் என்று பெயரிடப்பட்ட அந்தப் புலி சில நாள்களில் மாண்டது. காரணம் கேனைன் டிஸ்டெம்பர், அதாவது நாய்களிடம் பரவும் வைரஸ் நோய். காட்டில் 150க்கும் குறைவான மலாயாப் புலிகளே எஞ்சியிருப்பதாக 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு காட்டியது. அப்படிப்பட்ட நிலையில், கம்பத்து நாய்க்குத் தடுப்பூசி போடுவதும் புலியைக் காப்பாற்றும் வேலைதான்.

நான்காவது, காண்டாமிருகம். 2003இல் சிலாங்கூர், சுங்கை டூசுன் மையத்தில் இருந்த ஐந்து சுமத்ரா காண்டாமிருகங்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து மாண்டன. இரத்த ஒட்டுண்ணியே காரணம் என்று ஒரு சாராரும், பாக்டீரியத் தொற்று என்று இன்னொரு சாராரும் கூறினார்கள். 2019 மே மாதம் தாம் என்ற ஆண் காண்டாமிருகமும் நவம்பரில் இமான் என்ற பெண்ணும் சபாவில் இறந்தபோது, மலேசியாவில் இந்த இனமே இல்லாமல் போனது. இமானுக்குக் கருப்பையில் கட்டிகள் இருந்தன. இனப்பெருக்கம் இன்றி நீண்டகாலம் இருக்கும் பெண் காண்டாமிருகங்களுக்கு இப்படி நேர்வது உண்டு. பொறுத்திருந்து பார்ப்போம் என்ற காலதாமதமும் ஒரு நோய்போல வேலை செய்யும் என்பதை இது காட்டியது.

இந்த நான்கிலும் வேலை தொடங்குவது ஒரே இடத்தில். விலங்கின் உடலில் ஏதோ வழக்கம்போல் இல்லை என்று ஒருவர் கவனிக்க வேண்டும். கவனித்ததை எழுதி வைக்க வேண்டும். கவனிக்கும் கண் பயிற்சியால் வருவது. அதனால் வனவிலங்கு மையத்தில் ஒரு மாணவர் செலவிடும் ஆறு வாரம் அவருடைய தனிப்பட்ட ஆசை மட்டும் அல்ல. பொதுச் சுகாதாரத்துக்கான முதலீடும்கூட.

பணம் என்ற வேலி

முதலீடு என்றால் யாராவது பணம் போட வேண்டும். இங்கேதான் சிக்கல். பல மையங்களில் பயிற்சி மாணவருக்கு உதவித்தொகை கிடையாது. சில இடங்களில் மாணவரே கட்டணம் செலுத்த வேண்டும். அதற்கு மேல் சபா, சரவாக் என்றால் விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி, தடுப்பூசி என்று செலவு ஏறிக்கொண்டே போகும். 2017இல் சரவாக்கில் வெறிநாய்க்கடி நோய் பரவத் தொடங்கியதிலிருந்து, விலங்கோடு வேலை செய்யப் போகிறவர்கள் அதற்கான தடுப்பூசியை அலட்சியம் செய்ய முடியாது. விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து அடுத்த தவணைச் செலவைச் சமாளிக்கும் மாணவர் அந்த வருமானத்தையும் இழக்கிறார்.

இதன் விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியது. நடுத்தர வர்க்கத்துக்கு மேற்பட்ட குடும்பத்துப் பிள்ளை மூன்று மையங்களில் பயிற்சி பெற்று, பரிந்துரைக் கடிதங்களோடு வருகிறார். பி40 குடும்பத்துப் பிள்ளை வீட்டுக்கு அருகில் உள்ள செல்லப்பிராணிக் கிளினிக்கில் பயிற்சியை முடிக்கிறார். பிறகு வனவிலங்குத் துறையில் ஒரு வேலை காலியாகும்போது, அனுபவம் உள்ளவர் யார் என்று கேட்கப்படுகிறது. திறமையில் வித்தியாசம் இல்லாவிட்டாலும் விண்ணப்பத்தில் வித்தியாசம் தெரியும்.

நம் சமூகத்துக்கு இதில் தனிக் கவலை உண்டு. ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு யானை வந்த தடம், காட்டுப்பன்றி கிளறிய மண், பாம்பு நடமாடும் நேரம் எல்லாம் அத்துப்படி. மனிதனும் விலங்கும் மோதிக்கொள்ளும் எல்லையில் வாழ்ந்தவர்கள் அவர்கள். யானை வாழையைச் சாய்த்துவிட்டுப் போன வீட்டுக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அவர்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைகள் பணம் இல்லாத காரணத்தால் இந்தத் துறைக்கு வெளியே நின்றால், இழப்பு அவர்களுக்கு மட்டும் அல்ல.

மையங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பயிற்சி மாணவர் இலவச வேலையாள் என்று நினைப்பது தவறு. அவருக்குக் கற்றுக்கொடுக்க மருத்துவரின் நேரம் போகிறது. அவர் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும். கவனக்குறைவாகத் தாழ்ப்பாளைத் திறந்து வைத்தால் உயிருக்கே ஆபத்து. நன்கொடையில் ஓடும் மையத்துக்கு, வெளிநாட்டு மாணவர் செலுத்தும் கட்டணம் கரடியின் ஒரு மாதத் தீவனமாக இருக்கலாம். எனவே கட்டணம் வாங்காதே என்று உத்தரவு போட்டால் மட்டும் போதாது. அந்த இடைவெளியை நிரப்ப வேறு வழி வேண்டும்.

பயிற்சி மாணவருக்கு உதவித்தொகை கொடுக்கும் தனியார் நிறுவனங்களுக்கு, நிபந்தனைகளோடு, இரட்டை வரிக்கழிவு தரும் ஏற்பாடு நம் நாட்டில் உண்டு. லாபம் ஈட்டி வரி கட்டும் நிறுவனத்துக்கு அது ஊக்கம். அரசாங்கத் துறைக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் அதனால் பயன் இல்லை. அவை கழிப்பதற்கு வரி எங்கே கட்டுகின்றன? ஆக, பொதுநலனுக்கு நெருக்கமான பயிற்சிகளே அந்த ஊக்கத்துக்கு வெளியே நிற்கின்றன.

செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. கால்நடை மருத்துவ மாணவர்கள் ஆண்டுக்குச் சில பேரையாவது தேர்ந்தெடுத்து, மீட்பு மையங்களில் தங்குமிடமும் மாத உதவித்தொகையும் தரும் ஒரு சிறு நிதியைப் பல்கலைக்கழகங்களும் வனவிலங்குத் துறைகளும் சேர்ந்து தொடங்கலாம். காட்டோரத்தில் நிலம் வைத்திருக்கும் தோட்ட நிறுவனங்கள் அதற்குப் பங்களிக்கலாம், யானை வரும் பாதை அவர்கள் நிலத்தின் வழியேதானே போகிறது? கல்வி உதவி தரும் நம் இயக்கங்களும் கல்லூரிக் கட்டணத்தோடு நின்றுவிடாமல், பயணச் செலவு என்ற சிறு பிரிவையும் சேர்க்கலாம். இவற்றோடு, பயிற்சி பெற்றவருக்கு வேலையும் வேண்டும். வனவிலங்குத் துறைகளில் மருத்துவர் பணியிடங்கள் பெருகாவிட்டால், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தாலும் அவர்கள் நகரத்துக் கிளினிக்குகளுக்கே திரும்புவார்கள்.

மாணவர்கள் கவனிக்க

கொள்கை மாறும்வரை காத்திருக்க முடியாது. இந்தத் துறையில் நாட்டம் உள்ளவர்கள் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலில், எந்தத் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தீபகற்பத்தில் பெர்ஹிலித்தான், சபாவில் சபா வனவிலங்குத் துறை, சரவாக்கில் சரவாக் வனவியல் கழகம் என்று அதிகாரம் பிரிந்திருக்கிறது. சட்டங்களும் வெவ்வேறு. சபா, சரவாக்கில் குடிநுழைவு விதிகளும் தனி என்பதால், பயிற்சிக்கு எந்த அனுமதி தேவை என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். என்னை மேற்பார்வை செய்யும் பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் யார்? நான் எந்த வேலைகளைச் செய்யலாம், எவற்றைப் பார்க்க மட்டும் முடியும்? கட்டணம் வாங்கினால் அது எதற்குச் செலவாகிறது? விபத்து நேர்ந்தால் காப்புறுதி உண்டா? நேரான பதில் தராத இடத்தைத் தவிர்ப்பது நல்லது. விளம்பரத்தில் குட்டி விலங்கை மடியில் வைத்த படங்களே நிறைந்திருந்தால், அது பயிற்சி அல்ல, சுற்றுலா. உங்களிடம் காசநோய்ப் பரிசோதனையும் தடுப்பூசி விவரமும் கேட்கும் மையம் உங்களை அலைக்கழிக்கவில்லை. அது விலங்கை மதிக்கிறது.

விமானச் சீட்டுக்கு வழியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். அடிப்படைத் திறன்களைப் பெரும்பாலும் உள்ளூரிலேயே கற்கலாம். இரத்தத் தகடு தயாரிப்பதும், மயக்கத்தில் உள்ள விலங்கைக் கண்காணிப்பதும், பிரேதப் பரிசோதனைக் குறிப்பு எழுதுவதும் நாயிடமோ மாட்டிடமோ கற்றாலும் அதே திறன்தான். அருகில் உள்ள கால்நடைச் சேவைத்துறை அலுவலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் அணுகிப் பாருங்கள். டிஸ்டெம்பர் நோயை நாயிடம் அடையாளம் காணத் தெரிந்தவரே அதைப் புலியிடமும் சந்தேகிப்பார்.

எஸ்.பி.எம். எழுதப் போகிறவர்கள் உயிரியல், வேதியியல் பாடங்களைக் கைவிடாதீர்கள். பிறகு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அடிப்படைக் கல்வி என்று எந்த வழியில் வந்தாலும் கால்நடை மருத்துவத்துக்கு நல்ல புள்ளிகள் தேவை. மருத்துவர் ஆவது மட்டுமே வழி என்றும் நினைக்க வேண்டாம். சிங்கப்பூரில் பல்தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் கால்நடைத் தொழில்நுட்பம் படித்து இந்தத் துறைக்குள் வருகிறார்கள். ஆய்வுக்கூட நிபுணர், விலங்குப் பராமரிப்பாளர், வரைபடத்தில் யானையின் நடமாட்டத்தைத் தொடரும் தரவு ஆய்வாளர் ஆகியோர் இல்லாமல் எந்த மீட்புக் குழுவும் இயங்காது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. காட்டு விலங்குக்கு மருத்துவம் பார்த்து என்ன சம்பாதிக்கப் போகிறாய் என்று கேட்பது இயல்பு. சம்பளம் மனித மருத்துவரைப் போல இருக்காது என்பதும் உண்மை. ஆனால் அடுத்த நீப்பா வந்தால், அது முதலில் வௌவாலிடமோ பன்றியிடமோ தென்படும். மருத்துவமனையில் படுக்கைகள் நிறைவதற்கு முன்பே அதைக் கண்டு சொல்லக்கூடியவர் இன்று ஐந்தாம் படிவத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவர் பயிற்சிக்குப் போக ஒரு பேருந்துச் சீட்டும் ஆறு வாரச் சாப்பாடும் தடையாக இருக்கக் கூடாது.